ஷூவுக்குள் வைத்த நோட்டீஸ்

அலுவலகத்தில் அவளுக்குப் பூனை என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அப்படிப்பட்டவளைப் பூனை என்று சொல்லாமல் யானை என்றா சொல்வார்கள்? அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

வேலை அப்படி. வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கியவர்கள் தவணையை நிறுத்திவிட்டால், ஃபோனையும் எடுக்காவிட்டால், வங்கி நேரில் ஒரு ஆளை அனுப்பிப் பார்க்கும். அந்த ஆள்தான் பூனை. வீட்டில் ஆட்கள் குடியிருக்கிறார்களா, பூட்டிக் கிடக்கிறதா, கூரையும் ஜன்னலும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று வெளியிலிருந்தே பார்க்க வேண்டும். தெருவில் நின்று ஒரு படம் எடுக்க வேண்டும். 'உடனே தொடர்பு கொள்ளவும்' என்ற நோட்டீஸைக் கடன் வாங்கியவர் கையில் மட்டும் சிக்கும்படி வைத்துவிட்டு வர வேண்டும்.

அந்தக் கடைசி வேலைதான் கஷ்டம். நோட்டீஸ் வெறும் வெள்ளை உறையில் இருக்கும். வங்கியின் பெயர் கிடையாது. 'அந்தரங்கம்' என்ற ஒரே சொல் மேலே. கடன் வாங்கியவரைத் தவிர வேறு யாரிடமும், கட்டிய மனைவியாகவே இருந்தாலும், மூச்சு விடக்கூடாது. எதிர்வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து "யாரும்மா, என்ன விஷயம்?" என்று கேட்டால் "சும்மா ஒரு வேலையா வந்தேங்க" என்று சிரிக்க வேண்டும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஒருவன் வீடு கைவிட்டுப் போகப்போகிறது என்று தெரிந்தால் போதும், அவன் உள்ளே இருக்கும்போதே ஜன்னல் நீளத்தை அளந்து பார்க்கிற சனம்தானே நாம்.

மற்ற ஆட்கள் உறையைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போய்விடுவார்கள். அதைக் காற்று எடுத்துப் போகும், இல்லாவிட்டால் மாமியார் எடுத்துப் போவார்; இரண்டில் எது மோசம் என்று சொல்வதற்கில்லை. பூனை அப்படிச் செய்ய மாட்டாள். வாசலில் கொஞ்ச நேரம் நிற்பாள். எந்தப் பொருளை அந்த ஒருவர் மட்டும் தொடுவார் என்று பார்ப்பாள். காலையில் செடிக்குத் தண்ணீர் விடுகிறவர் என்றால் பூவாளிக்கு அடியில். மோட்டார் சைக்கிள்காரர் என்றால் ஹெல்மெட்டுக்குள். ஒரு தையல்காரருக்கு அவருடைய மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துவிட்டு வந்தாள்; அவர் மறுநாளே அழைத்துப் பேசித் தவணையைக் குறைத்துக்கொண்டார். வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. காதும் காதும் வைத்தாற்போல் காரியம் முடிந்தது. பூனைக்கு அன்றெல்லாம் நடை சற்று மிதந்தது.

அந்த வீடு ஏரிக்கரையை ஒட்டிய தெருவின் கடைசியில் இருந்தது. அந்தத் தெருவுக்குள் நுழைந்தாலே பூனைக்குக் கண் சொக்கும். ஏரியிலிருந்து ஈரக்காற்று வந்து மதில்களின் மேல் படுத்துக்கொள்ளும். பிற்பகல் வெயில் பால் கலந்தது மாதிரி வெளுத்துக் கிடக்கும். யாரோ எங்கோ தண்ணீர் திறந்துவிட்டிருப்பார்கள், அதை யாரும் மூடவே மாட்டார்கள். நடக்கிறோமா, நடப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறோமா என்றே சந்தேகம் வரும்.

முதல் தடவை அவள் போனபோது உள்ளே ரேடியோ மெல்லப் பாடிக்கொண்டிருந்தது. தட்டிப் பார்த்தாள், யாரும் வரவில்லை. வெளிறிய பச்சைக் கதவுக்குப் பக்கத்தில் ஆண்பிள்ளை ஷூ ஒரு ஜோடி. கறுப்பு. முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. கடன் வாங்கியவர் ஆண் என்று வேலைத்தாளில் இருந்தது. இன்னொருவர் ஷூவுக்குள் யார் கையை விடப்போகிறார்கள்? உறையை மடித்து வலது ஷூவுக்குள் நுழைத்துவிட்டு வந்தாள். அடுத்த தடவை ஷூக்கள் வேறு பக்கம் பார்த்துக் கிடந்தன. புதிதாகப் பாலிஷ் போட்டிருந்தது. உறை கண்ணில் படவில்லை. எடுத்துவிட்டான்! இரண்டாவது உறையை அதே இடத்தில் வைத்துவிட்டு அறிக்கை எழுதினாள்: 'கடன் வாங்கியவர் வீட்டில் இருக்கிறார். நோட்டீஸ் சேர்ந்தது.'

மேலாளர் அதைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ரெண்டு தடவை வாங்கியும் வாயத் திறக்கலைன்னா, சரியான கல்லுளிமங்கன். கடைசி நோட்டீஸைக் குடுத்துடு. இன்னைக்கு ஆபீஸ் மூடறதுக்குள்ள பேசலைன்னா நாளைக்குப் பூட்டு மாத்த ஆள் போயிடும்."

அப்படித்தான் அவள் மூன்றாவது தடவையாக அந்தப் பச்சைக் கதவுக்கு முன்னால் குந்தினாள். சாரல் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. நனையாமல் இருக்கட்டும் என்று உறையை விரல் போகிற அளவுக்கு உள்ளே தள்ளினாள். விரல் நுனியில் காகிதம் தட்டியது. பழைய செய்தித்தாள் கசங்கல். அதற்கு முன்னால் வழுவழுப்பாக வேறு ஏதோ. இழுத்தாள். ஒன்று வந்தது. இன்னொன்றும் வந்தது. அவள் வைத்த உறைகள்தான். மடிப்புக்கூடக் கலையவில்லை. இப்போது தள்ளியதையும் வெளியே எடுத்தாள்.

ஒரு கையில் மூன்று உறைகளும் இன்னொரு கை யாரோ ஒருவன் ஷூவுக்குள்ளுமாக அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அப்போது கதவு திறந்தது.

நின்றவள் ஏறக்குறைய பூனையின் வயதுக்காரி. கழுத்தில் நூல்கண்டு தொங்கியது, விரலில் ஊசி. சட்டைக்கடைகளுக்குப் பொத்தான் துளை தைத்து, காஜா எடுத்துக் கொடுக்கிறவள் என்று பிறகு தெரிந்தது. அந்நியப் பெண் ஒருத்தி வாசலில் உட்கார்ந்து புருஷன் ஷூவைக் குடைகிறாள். பார்த்தவள் திடுக்கிட்டிருக்க வேண்டும். அவளோ தூக்கத்திலிருந்து எழுந்த குழந்தையைப் போல் சிரித்தாள்.

"அந்தக் காகிதமா? அது வெளிய வந்துட்டேதான் இருக்கும். பாலிஷ் போடும்போதெல்லாம் நான் உள்ள தள்ளி விடுவேன். நீங்களும் தள்ளி விட்டுடுங்க."

"இது... நீங்க பாக்கவே இல்லையா?"

"ஷூவுக்குள்ள நான் பாக்கிறதில்லைங்க," என்றாள் அவள். "மழையில நனையிறீங்களே, உள்ள வாங்க."

கடன் வாங்கியவர் இல்லாமல் உள்ளே போகக்கூடாது என்பது விதி. "சாரைப் பாக்கணும்," என்றாள் பூனை.

"வாங்க, வாங்க."

உள்ளே சாரலின் ஓசை வேறு மாதிரிக் கேட்டது, தூரத்தில் யாரோ அரிசி புடைப்பது போல. கூடத்தில் தைத்த சட்டைகள் குவியலாகக் கிடந்தன. ஊசிக்காரி முன்னால் நடந்துகொண்டே பேசினாள். "இது அவர் உக்கார்ற நாற்காலி. ஏரியைப் பாத்துதான் இருக்கணும்பாரு. வருஷம் முழுக்கத் தண்ணிய பாத்துட்டு வரவருக்கு வீட்டுக்கு வந்தும் தண்ணிதான் வேணும், பாருங்களேன்." கணவன் கப்பலில் இயந்திர அறையில் வேலை பார்க்கிறவன். வந்தால் சில வாரம் இருப்பான், போனால் மாதக் கணக்கில் வரமாட்டான்.

பூனைக்கு வாய் ஓய்ந்தாலும் கண் ஓயாது. அது தொழில் பழக்கம். நாற்காலியின் மெத்தை உப்பியிருந்தது. யாரும் உட்கார்ந்து நாளாகிவிட்டது. கொடியில் தொங்கிய துண்டு தேய்த்த மடிப்போடு இருந்தது, ஒரு முகத்தையும் துடைக்கவில்லை. மேசையில் இரண்டு தம்ளர்கள் கவிழ்த்திருந்தன, ஒன்றின் அடியில் மட்டும் ஈரம். கட்டிலில் ஒரு பக்கத் தலையணை குழிந்திருந்தது. மற்றது கடையில் வைத்த மாதிரி இருந்தது. வெளியிலிருந்து ஒரு பார்வை பார்த்தே உள்ளே எத்தனை பேர் என்று சொல்லிவிடுவேன் என்று தம்பட்டம் அடித்தவள் பூனை. இங்கே ஒரு ஜோடி ஷூ அவளை முட்டாளாக்கியிருந்தது. தன் மேல் வந்த ஆத்திரத்தில் காது சுட்டது.

"சார் எப்ப வருவாரு?" என்று கேட்டாள். கேட்கும்போதே குரல் இறங்கிவிட்டது.

ஊசிக்காரி துண்டை இழுத்து நேர்ப்படுத்தினாள். "ஃபோன் வந்துச்சு," என்றாள். "ஏதோ ஒரு துறைமுகத்திலேர்ந்து. நெஞ்சு வலின்னு இறக்கினாங்களாம். அங்கேயே எல்லாம் முடிச்சிட்டோம்னு சொன்னாங்க. சர்டிபிகேட் கூட அனுப்பினாங்க. நான் எதையும் பாக்கலைங்க. பாக்காம எப்படி நம்பறது?"

பூனை நின்ற இடத்திலேயே நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தத் தெருவுல யாருக்கும் தெரியாது," என்று அவள் தொடர்ந்தாள், ஒரு நல்ல காரியத்தைச் சொல்வது போல. "நாங்க புதுசு. சொன்னா வருவாங்க, உக்காருவாங்க, எப்படி ஆச்சும்பாங்க. அப்புறம் அது நடந்ததா ஆயிடும். சொல்லாததுனால இன்னும் கப்பல்ல இருக்காரு. ஷூவத் துடைச்சு வச்சா வந்துட்டுப் போன மாதிரியும் இருக்கு. அவ்வளவுதான். யாருக்கு என்ன நஷ்டம்?"

அவள் கேட்ட கேள்வி நியாயமானது. அந்த மங்கிய வெளிச்சத்தில், ஏரிக்காற்றில், யாருக்கும் நஷ்டம் இல்லை என்றுதான் தோன்றியது. பூனைக்கே ஒரு கணம் அந்த நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடலாம் போல இருந்தது. பக்கத்து அறையிலிருந்து இருமிக்கொண்டே அவன் வந்தால் எழுந்து கும்பிட்டுவிட்டுப் போகலாம். ஆனால் சுவர்க் கடிகாரம் தூங்கவில்லை. அலுவலகம் மூட இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை.

செத்துப்போனவனுடைய ரகசியம் யாருக்குச் சொந்தம் என்று எந்த விதியிலும் எழுதவில்லை. பூனை தானே முடிவுசெய்தாள். மூன்று உறைகளையும் சட்டைக் குவியலின் மேல் வைத்தாள்.

"இந்த வீட்டு மேல கடன் இருக்கு, தெரியுமா உங்களுக்கு?"

"அது அவர் சம்பளத்துலேர்ந்து தானாப் போயிடும்."

"சம்பளம் நின்னுபோச்சு. அதனால தவணையும் நின்னுபோச்சு. வங்கியில அவர் நம்பருக்குத்தான் கூப்பிட்டுட்டு இருந்தாங்க. அந்த ஃபோன் எங்க இருக்கோ. அப்புறம் என்னை அனுப்பினாங்க. நான் பெரிய கெட்டிக்காரி, நோட்டீஸைக் கொண்டுபோய் ஷூவுக்குள்ள வச்சேன். கதவிடுக்குல செருகியிருந்தா நீங்க எடுத்துப் படிச்சிருப்பீங்க. என் தப்பு. முழுக்க என் தப்பு. நாளைக்கு வந்து பூட்டை மாத்தப் போறாங்க."

ஊசிக்காரி உறைகளைப் பார்த்தாள், தொடவில்லை.

பூனை ஃபோனில் வேலைத்தாளைத் திறந்தாள். கீழே ஒரு மூலையில் 'காப்பீடு: உண்டு' என்று ஒரு வரி. இத்தனை நாளாக அது அவளுக்குக் கூரை, கதவு, ஜன்னல் மாதிரி இன்னொரு வரி. இப்போது விரலை வைத்துக் காட்டினாள். "இதைப் பாருங்க. கடன் வாங்கினவர் இறந்துட்டா மிச்சத்தை இந்தக் காப்பீடு கட்டிடும். வீடு உங்களோடது. ஆனா குடும்பத்துல ஒருத்தர் வாயால சொல்லணும், வங்கி வீட்டைக் கையில எடுக்கிறதுக்கு முன்னாடி சொல்லணும். நான் சொன்னா செல்லாது. நான் வேற மாதிரி எழுதி வச்சிருக்கேன். இத்தனை நாளா உங்க வீட்டுக்காரரைக் காகிதத்துல உயிரோட வச்சிருந்தது நான்தான்."

"நானும்தானே," என்றாள் அவள்.

ரேடியோவில் யாரோ யாருக்கோ வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பூனை முதலில் தன் பங்கை முடித்தாள். 'முந்தைய இரண்டு அறிக்கைகளும் தவறு. கடன் வாங்கியவர் நோட்டீஸைப் பெறவில்லை. தவறு என்னுடையது' என்று மேலாளருக்கு அனுப்பினாள். பூனை என்று கொண்டாடிய வாய்கள் நாளை என்ன சொல்லும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை. பிறகு வங்கியின் எண்ணை ஊசிக்காரியின் ஃபோனில் அழுத்திக் கொடுத்தாள். வீட்டுக்குள் சிக்னல் எடுக்கவில்லை. வாசலுக்கு வந்தார்கள். சாரல் நின்று, தெரு முழுவதும் ஆவி பறந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டம்மா நனைந்த துணிகளைப் பிழிந்து மறுபடி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

கடன் எண்ணைச் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு இளைஞனின் குரல், மனப்பாடம் செய்தது மாதிரி. "மேடம், கடன் வாங்கினவர்கிட்டதான் நாங்க பேச முடியும். சார் இருக்காரா?"

ஊசிக்காரி வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். "அவர் கப்பல்ல இருக்காருங்க," என்றாள்.

"வந்ததும் கூப்பிடச் சொல்லுங்க. நன்றி." ஃபோன் வைக்கப்பட்டது.

அவள் பூனையைப் பார்த்தாள். பரீட்சை எழுதி முடித்த பிள்ளையின் முகம். "சரியாத்தானே பேசினேன்?"

பூனைக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "மறுபடியும் போடுங்க."

"சொல்லிட்டா வீடு இருக்கும். அவர் இருக்கமாட்டாரு."

"சொல்லாட்டி ரெண்டும் இருக்காதுங்க. நாளைக்கு இந்நேரம் அவர் நாற்காலி தெருவுல கிடக்கும். நான் எத்தனையோ தெருவுல பாத்திருக்கேன். அதை மழையில பாக்கப் போறீங்களா?"

சொன்ன பிறகு ஏன் சொன்னோம் என்று இருந்தது. ஆனால் ஊசிக்காரி கழுத்திலிருந்த நூல்கண்டைக் கழற்றி மதில்மேல் வைத்தாள், கனமான எதையோ இறக்கி வைப்பது போல. தானே எண்ணை அழுத்தினாள். அதே இளைஞன்தான் எடுத்தான்.

"சார் இருக்காரா மேடம்?"

"அவர் இறந்துட்டாருங்க." உதடுதான் அசைந்தது, காற்றுக்கூட வெளியே வரவில்லை.

"லைன் சரியா இல்ல மேடம். கேக்கல."

"இறந்துட்டாரு."

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க மேடம். கேக்கவே இல்ல."

அவள் ஃபோனை இரண்டு கையாலும் பிடித்தாள். அடிவயிற்றிலிருந்து வந்தது அந்தக் குரல். "என் வீட்டுக்காரர் செத்துப்போயிட்டாருங்க! கப்பல்ல போனவரு செத்துட்டாரு! இனிமே வரமாட்டாரு!"

தெரு முழுவதும் கேட்டது. ஏரிக்கே கேட்டிருக்கும். எதிர்வீட்டம்மாவின் கையிலிருந்து துணி நழுவித் தரையில் விழுந்தது. பூனையின் கை, இத்தனை வருஷப் பழக்கத்தில், அவள் வாயைப் பொத்தப் பாதி தூரம் எழுந்துவிட்டது. யாருக்கும் தெரியக்கூடாது என்பதற்காகவே வாழ்ந்த கை அது. அதைப் பிடித்துக் கீழே இறக்கினாள். கத்தட்டும். எல்லாருக்கும் கேட்கட்டும்.

எதிர்வீட்டம்மா ஈரக் கையோடு தெருவைக் கடந்து வந்தார். இந்தப் பெண்ணோடு இதுவரை அவர் ஒரு சிரிப்புக்கு மேல் பேசியதில்லை. "ஏம்மா, எப்பம்மா?" என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் அவள் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார். பக்கத்து வீட்டுக் கதவொன்று திறந்தது. மாடியிலிருந்து ஒருவர் சட்டையை மாட்டிக்கொண்டே இறங்கி வந்தார்.

ஃபோனில் அந்த இளைஞன் பேசினான். மனப்பாடக் குரல் போய், யார் வீட்டுப் பிள்ளையோ பேசுவது போல இருந்தது. "மன்னிச்சுக்கங்கம்மா. குறிச்சுக்கிட்டேன். பூட்டு மாத்த வேணாம்னு இப்பவே நிறுத்தி வைக்கிறேன். தேதி மட்டும் வேணும். என்னைக்கு இறந்தாரு?"

ஊசிக்காரி பதில் சொல்ல வாயெடுத்தாள். ஃபோனைக் கீழே விட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். எத்தனையோ மாதமாக வராத அழுகை அப்போது வந்தது, பெருங்குரலெடுத்து, எதிர்வீட்டம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு.

விழுந்த ஃபோனைப் பூனை எடுத்தாள். "தம்பி," என்றாள், "அழறாங்க. கொஞ்சம் இருங்க. வச்சிடாதீங்க."

"இருக்கேன்," என்றான் அவன்.

அலுவலகம் மூடும் நேரம் வந்தது, போனது. அந்தப் பக்கம் விளக்குகளை அணைப்பதும், நாற்காலிகளை நகர்த்துவதும், யாரோ "வரலையா?" என்று அவனைக் கூப்பிடுவதும் கேட்டது. அவன் ஃபோனை வைக்கவில்லை.